வீடு பள்ளியாகலாம், ஊர் என்னவாகும்?

படித்த நடுத்தர வர்க்கக் குடும்பங்களிடையே ஒரு வாதம் வலுப்பெற்று வருகிறது. பள்ளி என்பது மனப்பாடக் கூடம். அங்கே கைக்கு வேலையில்லை, கண்ணுக்கு வேலையில்லை, கேள்விக்கு இடமில்லை. ஆகவே பிள்ளையைப் பள்ளியிலிருந்து விடுவித்து, ஓவியத்தையும் வரலாற்றையும் இயற்கையையும் வீட்டிலிருந்தபடியே கையால் தொட்டுக் கற்கச் செய்வதே அறிவுடைய பெற்றோரின் கடமை என்பது அவ்வாதம். இதன் முற்பாதி பெரும்பாலும் உண்மை. பிற்பாதி அந்த உண்மையிலிருந்து பிறப்பதன்று. பள்ளி சரியில்லை என்ற கூற்றிலிருந்து "பள்ளியை மாற்றுவோம்" என்ற முடிவுக்கும் செல்லலாம். "நம் பிள்ளையை மட்டும் எடுத்துக்கொள்வோம்" என்ற முடிவுக்கும் செல்லலாம். இரண்டாவதே சரியானது என்று எவரும் நிறுவியதில்லை. அது எளிதானது, அவ்வளவே.

இவ்வாதத்தை உரைத்துப் பார்க்கச் சித்தூர்–திருப்பதி வட்டாரம் மிகப் பொருத்தமான களம். வீட்டுக்கல்வியாளர் போற்றும் மூன்று பாடங்களுக்கும் அங்கே குறைவில்லை. அதைவிட முக்கியமாக, கையால் செய்து கற்றல் என்ற முறைக்கு அந்த மண்ணில் ஒரு நெடிய வரலாறு உண்டு. அந்த வரலாறு வீட்டுக்கல்வியின் பக்கம் சாட்சி சொல்லவில்லை.

முதலில் கலை. சுவர்ணமுகி ஆற்றங்கரையில் உள்ள காளத்தியில் கலம்காரி எழுதுவோர் துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் பாலிலும் தோய்த்து உலர்த்துவர். புளியங்குச்சிக் கரியால் கோடிழுப்பர். இரும்புத் துண்டுகளும் வெல்லமும் வாரக்கணக்கில் ஊறிய நீரால் கருமை தீட்டுவர். படிகாரம் தடவி, வேர்ச்சாயத்தில் காய்ச்சிச் சிவப்பேற்றுவர். ஓடும் நீரில் அலசுவர். ஒரு துணி முடிவதற்குள் இவ்வாறு பல முறை நனைந்து காயும். வேதியியல், தாவரவியல், புராணம், ஓவியம் ஆகிய நான்கும் ஒரே துணியில் கூடும் இத்தொழிலைக் காட்டிலும் சிறந்த செயல்முறைப் பாடம் இருக்க இயலாது.

ஆனால் இந்தக் கலை எவ்வாறு பிழைத்தது? தலைமுறை தலைமுறையாக வீட்டிலேயே கற்றுத் தரப்பட்ட அத்தொழில் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் அழியும் நிலைக்கு வந்திருந்தது. வாங்குவோர் குறைந்தனர், வீடுகளில் பிள்ளைகள் வேறு வேலை தேடினர். கமலாதேவி சட்டோபாத்தியாயரின் முயற்சியால் 1950களின் பிற்பகுதியில் காளத்தியில் அரசுப் பயிற்சி மையம் தொடங்கப்பட்ட பிறகே அது மீண்டும் மூச்சு விட்டது. பரம்பரை வீட்டில் பிறவாதவரும் அதன்பின் தூரிகைக் குச்சியைக் கையிலெடுக்க முடிந்தது. 2005இல் புவிசார் குறியீடும், 2008இல் ஜொன்னலகட்ட குரப்ப செட்டிக்குப் பத்மஸ்ரீயும் வந்ததற்கு அடித்தளம் அந்தப் பொது நிறுவனமே. கலையை உருவாக்கியது வீடுதான், ஐயமில்லை. ஆனால் சந்தை சாய்ந்தபோது அதைத் தாங்க வீட்டால் முடியவில்லை; பள்ளி என்ற அமைப்பே தாங்கியது.

இங்கே இன்னொரு கேள்வியும் எழுகிறது. நகரத்துக் குழந்தை ஒன்று சனிக்கிழமைப் பயிலரங்கில் கலம்காரிச் சாயத்தைத் தொட்டால் அது அனுபவக் கல்வி எனப்படுகிறது. காளத்திக் கைவினைஞர் வீட்டுக் குழந்தை அதே சாயத்தைக் கலக்கினால் அது குடும்பத்துக்கு உதவுவது. 2016ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் தடைத் திருத்தச் சட்டம், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் ஆபத்தற்ற குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவுவதை அனுமதிக்கிறது. செயல் ஒன்று, சாயம் ஒன்று, வயதும் ஒன்று. ஒருவருக்கு அது கல்வியாகவும் மற்றவருக்கு உழைப்பாகவும் ஆவது ஏன்? முதற்குழந்தைக்கு மறுநாள் வேறொன்றைக் கற்கும் விடுதலை உண்டு. இரண்டாம் குழந்தைக்கு அந்த விடுதலையைத் தரக்கூடியது பள்ளி ஒன்றே. "வீடே சிறந்த பள்ளி" என்ற முழக்கம் முதற்குழந்தையின் வாயிலிருந்து வரும்போது இனிக்கிறது. அதுவே அரசின் கொள்கையாகும்போது இரண்டாம் குழந்தைக்கு என்ன நேரும் என்பதற்கு ஊகம் தேவையில்லை, வரலாறு இருக்கிறது.

1953இல் சென்னை மாநில முதலமைச்சராக இருந்த இராசகோபாலாச்சாரி, ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளின் பள்ளி நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்தார். எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்பது திட்டம். அக்கல்வியாண்டு தொடங்கியபோது சித்தூர் மாவட்டம் சென்னை மாநிலத்தின் பகுதியாகவே இருந்தது. அக்டோபர் 1 அன்றுதான் ஆந்திர மாநிலம் பிரிந்தது. அத்திட்டத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களை இன்று படித்தால் வியப்பு மேலிடும். ஏட்டுக் கல்வி உயிரற்றது. கை பழக வேண்டும். ஊரும் வயலும் பட்டறையுமே உண்மையான வகுப்பறை. குழந்தை பெற்றோரோடு இருப்பது நல்லது. இன்றைய வீட்டுக்கல்வி வாதத்தின் ஒவ்வொரு வரியும் அங்கே இருக்கிறது. இருக்கின்ற ஆசிரியரையும் கட்டடத்தையும் கொண்டே இருமடங்குப் பிள்ளைகளை இரு வேளையாகச் சேர்க்கலாம் என்ற சிக்கனக் கணக்கும் உடன் இருந்தது.

பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தனர். ஆளுங்கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு மூண்டது. 1954இல் இராசாசி பதவி விலக, காமராசர் ஆட்சி அத்திட்டத்தைக் கைவிட்டது. எதிர்த்தவர்கள் கைத்தொழிலை இழிவாகக் கருதியவர்கள் அல்லர். வண்ணார் வீட்டில் வெளுப்பும் குயவர் வீட்டில் மண்பாண்டமும் கற்பதை "வீட்டுக்கல்வி" என்று அழைத்தால், சாதி பாடத்திட்டமாகிவிடும் என்பதே அவர்கள் வாதம். வீடு என்பது நடுநிலையான இடமன்று. வீட்டில் எத்தனை நூல்கள் உண்டு, எத்தனை அறைகள் உண்டு, பகலில் எவர் வீட்டிலிருப்பார், அவருக்கு என்ன தெரியும் என்பவற்றையெல்லாம் பிறப்பே பெரிதும் முடிவு செய்கிறது. அந்த முடிவிலிருந்து ஒரு நாளின் சில மணி நேரமாவது பிள்ளையை வெளியே கொண்டுவருவதற்காகத்தான் பொதுப்பள்ளி கண்டுபிடிக்கப்பட்டது.

பகலில் வீட்டிலிருப்பவர் யார் என்ற கேள்வி பெண்களையும் தொடுகிறது. செயல்வழி வீட்டுக்கல்விக்கு முழுநேர ஆசிரியர் ஒருவர் வேண்டும். அவர் பெரும்பாலும் தாய்; ஊதியம் இல்லை; ஓய்வூதியம் இல்லை. பட்டம் பெற்ற பெண்ணொருவர் வேலையை விட்டுவிட்டுத் தன் ஒரு பிள்ளைக்கு ஆசிரியையாவதைக் கல்விப் புரட்சி என்று கொண்டாடும் முன், அப்புரட்சியின் செலவு எவர் கணக்கில் எழுதப்படுகிறது என்று பார்ப்பது நேர்மை.

அப்படியானால் கையால் செய்து கற்பது பொதுப்பள்ளியில் இயலாததா? இதற்கும் அந்த வட்டாரமே விடை வைத்திருக்கிறது. மதனப்பள்ளியில் 1895இல் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி, பிரம்மஞான சபையாரின் கண்ணில்பட்ட பிறகு தனி ஆசிரியர்களிடம் பயின்றவர். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறாதவர். இன்றைய சொல்லில் சொன்னால் வீட்டுக்கல்வி பெற்றவர். அப்படிப்பட்டவர் தம் கல்விச் சிந்தனைக்கு உருக்கொடுக்க விரும்பியபோது, தொடங்கியவை பள்ளிகள். மதனப்பள்ளிக்கு அருகே அவர் கண்ட ரிஷிவேலிப் பள்ளி அவற்றுள் முதன்மையானது. வறண்ட குன்றுகளுக்கிடையே மரம் நட்டு, நீர் தேக்கி, 1991இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்படும் அளவுக்கு அப்பள்ளத்தாக்கு மாறியது. இயற்கைக் கல்வி என்றால் ஒரு குழந்தையின் குறிப்பேட்டில் பறவைப் படம் வரைவது மட்டுமன்று. ஒரு நிலப்பரப்பையே பலர் கூடிப் பல்லாண்டு உழைத்து மீட்பதும் அதில் அடங்கும்.

ரிஷிவேலி உறைவிடப் பள்ளி; வசதியுள்ளோர் பிள்ளைகளே பெரும்பாலும் பயில்வது. அதைப் பொதுப்பள்ளிக்கு உதாரணமாகக் காட்டுவது பொருந்தாது என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு சரியே. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1980களின் பிற்பகுதியில் அப்பள்ளியின் ஊரகக் கல்வி மையத்தில் பத்மநாப ராவும் ராமாவும் சுற்றுப்புறச் சிற்றூர்களில் துணைப்பள்ளிகளைத் தொடங்கினர். ஓர் அறை, ஓர் ஆசிரியர், பல வகுப்புப் பிள்ளைகள். இந்தியாவின் எளிய பள்ளி எதுவோ அதையே அவர்கள் தொடக்கப் புள்ளியாகக் கொண்டனர். பாடநூலை உடைத்து நூற்றுக்கணக்கான அட்டைகளாக்கினர். விலங்கு, பறவைச் சின்னங்கள் பொறித்த ஏணியொன்றில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறும். ஊர்ப் பெரியோரிடமிருந்து திரட்டிய கதைகள் பொம்மலாட்டமாயின. அளவைப் பாடம் ஊரார் கூடும் சந்தைத் திருவிழாவாயிற்று. பள்ளி வளாகம் தோட்டமாயிற்று. கலை, வட்டார வரலாறு, இயற்கை ஆகிய மூன்றும் அங்கே இருந்தன. கற்றவர்கள் குடியானவர் பிள்ளைகள்.

அந்த ஏணி எல்லை தாண்டித் தமிழகத்துக்கும் வந்தது. 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமாரின் முயற்சியில், ரிஷிவேலி முறையைக் கண்டு வந்த ஆசிரியர்கள் மாநகராட்சிப் பள்ளிகளில் அதைத் தொடங்கினர். செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் 2007–08 அளவில் தமிழகம் முழுவதும் 30,000க்கும் மேற்பட்ட பள்ளிகளின் தொடக்க வகுப்புகளுக்கு அது பரவிற்று. பிள்ளைகள் பாயில் வட்டமிட்டு அமர்ந்தனர். சுவரின் கீழ்ப்பகுதியில் அவர்களுக்கென்று கரும்பலகை வந்தது. அவர்கள் வரைந்தவை தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் தொங்கின. உலகில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத அளவுக்குப் பெரிய செயல்முறைக் கல்வி முயற்சி, கூலித் தொழிலாளரின் பிள்ளைகளுக்காக, அரசுச் செலவில் நடந்தது.

அது தேய்ந்தது உண்மையே. அட்டைகள் கிழிந்தன, ஏணியைக் கடப்பதே சடங்காகிவிட்டதென ஆசிரியர்கள் குறைபட்டனர், பாடநூலும் பருவமுறையும் மீண்டும் முன்னுக்கு வந்தன. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் அதே கருத்தின் ஒரு பகுதியை வேறு பெயரில் எடுத்துக்கொண்டது. ஆனால் அது தேய்ந்த நாள்களில் அதற்காகக் குரல் கொடுத்திருக்கக்கூடிய பெற்றோர் எங்கே இருந்தனர்? ஓவியத்தின் அருமையும் இயற்கைக் கல்வியின் பெருமையும் அறிந்த, மனு எழுதவும் அதிகாரியைக் கேள்வி கேட்கவும் தெரிந்த அந்தப் பெற்றோரின் பிள்ளைகள் அப்பள்ளிகளில் இல்லை.

பொருளியலறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் விளக்கியது இதையே. ஒரு நிறுவனம் சரியும்போது, தரத்தைப் பற்றி மிகுதியாகக் கவலைப்படுவோரே முதலில் வெளியேறுகின்றனர். அவர்களே குரல் எழுப்பக் கூடியவர்களும் ஆதலால், வெளியேற்றம் சரிவை விரைவுபடுத்துகிறது. பொதுப்பள்ளியையே அவர் இதற்கு எடுத்துக்காட்டாகக் கொண்டார். தனியார் பள்ளிக்குச் சென்றது முதல் வெளியேற்றம் என்றால், வீட்டுக்கல்வி இரண்டாம் வெளியேற்றம். முதலாவது வெட்கத்தோடு நடந்தது. இரண்டாவது கொள்கையின் பெயரால் நடக்கிறது என்பதே வேறுபாடு.

இயற்கைக்கும் வரலாற்றுக்கும் வருவோம். திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறும் சாலையில் பாறை அடுக்கொன்று வெட்டவெளியில் தெரிகிறது. கீழே தொன்மையான கருங்கல். மேலே பின்னாளில் படிந்த படிகக்கல். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 80 கோடி ஆண்டுகளின் பதிவு காணவில்லை. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அதைத் தேசியப் புவியியல் சின்னமாக ஏற்றிருக்கிறது. 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சேஷாசலம் மலைகளில், கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் தென்பகுதிக்கே உரிய செம்மரம் நிற்கிறது. இயற்கைப் பாடத்துக்கு வேறென்ன வேண்டும்?

வேண்டும். 2015 ஏப்ரல் 7 அன்று அதே காட்டில் தமிழகத்தைச் சேர்ந்த 20 பேரை ஆந்திரச் சிறப்புப் படையினர் சுட்டுக் கொன்றனர். செம்மரம் வெட்ட வந்தவர்கள் தாக்கியதால் சுட்டதாகக் காவல்துறை கூறிற்று. மனித உரிமை அமைப்புகள் அதை மறுத்தன. இறந்தோரில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலையூர்களிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். செம்மரத்தின் இலையை அழுத்தி உலர்த்தி ஏட்டில் ஒட்டும் குழந்தை இதையும் அறிய வேண்டுமா? வேண்டும் எனில், அதை எங்கே அறியும்? தன் வீட்டில், தன்னைப் போன்ற குடும்பங்களின் பிள்ளைகளோடு மட்டும் கூடிப் படிக்கையில், மரம் ஒரு மாதிரிப் பொருள். மலையூரிலிருந்து வந்த பிள்ளை பக்கத்தில் அமர்ந்திருக்கும் வகுப்பறையில், அதே மரம் ஒருவரின் தந்தை திரும்பி வராத கதையாகவும் இருக்கக்கூடும். அந்தப் பக்கத்து இருக்கையை எந்தச் செயல்முறைப் பெட்டியும் விலைக்குத் தராது.

வரலாறும் அவ்வாறே. திருமலைக் கோயில் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. தேவஸ்தானமே 1930களில் அவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டது. கோயிலுக்கு வந்த காணிக்கைப் பணம் ஊர்களில் கால்வாய் வெட்டவும் ஏரி திருத்தவும் முதலீடாகி, பெருகிய விளைச்சலிலிருந்து நிவந்தம் நடந்ததை அவற்றைக் கொண்டே பர்ட்டன் ஸ்டைன் 1960இல் எழுதிக் காட்டினார். தெலுங்கு நிலத்தில் தமிழ்க் கல்வெட்டு; பக்தியின் அடியில் பாசனக் கணக்கு. மொழிப் பெருமையும் மதப் பெருமையும் ஒருசேரக் கேள்விக்குள்ளாகும் பாடம் இது. இதைக் கற்பிக்கத் தெலுங்குப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும், கோயிலுக்குள் தடையின்றிச் சென்றவரின் பேரனும் ஒரு காலத்தில் தடுக்கப்பட்டவரின் பேத்தியும் ஒரே அறையில் இருப்பது நல்லது. வீட்டில் கற்பிக்கப்படும் வரலாறு, எவ்வளவு வண்ணமயமாக இருப்பினும், அவ்வீட்டின் வரலாறாகச் சுருங்கிவிடும் இடர் எப்போதும் உண்டு. எதிர்க்கேள்வி கேட்க அங்கே அயலார் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், கடுமையான ஊனமும் பல்வகை ஊனமும் உள்ள பிள்ளைகளுக்கு வீட்டுவழிக் கல்வியைத் தெரிவு செய்யும் உரிமையைத் தந்தது. வீட்டை அச்சட்டம் கல்வியிடமாக ஏற்பது இவர்களுக்காக. அந்த உரிமையைப் பயன்படுத்த வேண்டிய பிள்ளைகளுக்கு வீடு தேடி வரும் சிறப்பாசிரியர் போதுமான அளவில் உண்டா என்பதே வீட்டுக்கல்வி குறித்த உண்மையான விவாதமாக இருந்திருக்க வேண்டும். மாறாக, தேவை மிகக் குறைந்தோரின் விருப்பமே விவாதத்தின் நடுவில் அமர்ந்திருக்கிறது.

நியாயமான மறுப்புகளும் உண்டு. பள்ளியில் அடிபட்ட பிள்ளை, சாதியின் பெயரால் அவமதிக்கப்பட்ட பிள்ளை, போட்டித் தேர்வுத் தொழிற்சாலைகளாகிவிட்ட விடுதிப் பள்ளிகளில் மூச்சு முட்டும் பிள்ளை: இவர்களை வீட்டுக்கு அழைத்து வரும் பெற்றோரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. தீப்பற்றிய வீட்டிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது குற்றமன்று. ஓடியதைக் கட்டடக் கலை என்று பெயரிட்டு, பயிலரங்கம் நடத்துவதுதான் குற்றம். உள்ளே இன்னும் பிள்ளைகள் இருக்கையில்.

இந்த விவாதத்தில் கல்விப்புலத்தாருக்குத் தனிப் பொறுப்பு உண்டு. திருப்பதி போன்ற ஒரு நகரத்தில் 1954இல் தொடங்கிய வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் இருக்கிறது; பெண்களுக்கான பத்மாவதி பல்கலைக்கழகம் இருக்கிறது; 2015இல் வந்த ஐஐடியும் ஐசரும் இருக்கின்றன. புவியியலாளர், தாவரவியலாளர், கல்வெட்டறிஞர், வேதியியலாளர் என ஒரு குழந்தைக்கு இயற்கையையும் வரலாற்றையும் கலையையும் தொட்டுக் காட்டத் தகுதியுள்ளோர் இவ்வளவு செறிந்து வாழும் ஊர்கள் தென்னிந்தியாவில் சில. சென்னைக்கும் மதுரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இக்கூற்று வெவ்வேறு அளவில் பொருந்தும். தன் பிள்ளைக்கு மலைப்பாதைப் பாறையின் வயதை விளக்கும் பேராசிரியர், அதே மணி நேரத்தை ஊராட்சிப் பள்ளியின் முப்பது பிள்ளைகளுக்கு முன் செலவிட்டால் அவர் பிள்ளைக்கு எதுவும் குறைந்துவிடாது. அப்பிள்ளையும் அந்த முப்பதோடு ஒன்றாக அமரலாம்.

கேட்க வேண்டியவை எளியவை. தொடக்கப் பள்ளிக்கு ஓவிய ஆசிரியர் வேண்டும். ஓராசிரியர் பள்ளிகளுக்கு இரண்டாம் ஆசிரியர் வேண்டும். கைவினைஞருக்கு ஊதியத்தோடு வகுப்பறையில் இடம் வேண்டும். பருவத்துக்கு ஒருமுறையேனும் பிள்ளைகளைக் காட்டுக்கும் கோட்டைக்கும் அழைத்துச் செல்லப் பேருந்தும் பணமும் வேண்டும். கல்வெட்டைப் படியெடுக்கவும் விதையை எண்ணவும் பாட நேரத்தில் இடம் வேண்டும். இவற்றுள் எதுவும் கனவன்று. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சிற்றூரில் ஏதோ ஓர் ஆண்டில் நடந்து காட்டியதே. மதனப்பள்ளிக்கு அருகில் ஓர் அறைப் பள்ளியில் பிறந்த ஏணி சென்னைச் சேரிப் பிள்ளைகளின் கைக்கு எட்டியிருக்கிறது. அதை மீண்டும் நடுக்கூடத்துக்குள் இழுத்துப் பூட்டிக்கொண்டு, புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்வதை அறிவுலகம் ஏற்கக் கூடாது.